முந்தி வந்த நிழல்

ஆத்தங்குடிக்குக் கிழக்கே பொட்டலில் கிடந்த ஓடுதளத்தில், விமானம் இறங்குவதற்கு முந்தின நாளே அதன் நிழல் இறங்கிவிடும். யுத்தகாலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன தார்ப்பாதை அது. சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் சும்மா கிடந்தது. அறுபதுகளில் பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கும் தேர்தல் கூட்டங்களுக்கும் சின்ன விமானங்கள் வரத் தொடங்கின. அப்போதிருந்துதான் நிழலும் வந்தது. வானத்தில் காக்காய்கூட இருக்காது. மேற்கே கண்மாய்க்கரையில் தொடங்கி, பனைமரங்களின் மேல் ஏறி இறங்கி, இறக்கை விரித்த நிழல் ஒன்று சத்தமில்லாமல் தாரில் ஓடி நிற்கும். ஊர்க்காரர்களுக்கு அதில் லாபம்தான். ஓடுதளம் முழுக்க மிளகாயும் நெல்லும் காயப்போட்டிருப்பார்கள். நிழலைக் கண்டதும் அள்ளிவிட்டால் போதும், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தகவல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அங்கே காவலாளாக இருந்தவன் வீரணன். வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு விசில், ஒரு சிவப்புக் கொடி, ஒரு பிரம்பு மூன்றும் கொடுத்து, விமானம் வரும்போது ஓடுதளத்தில் ஆடு, மாடு, ஆள் எதுவும் நிற்கக்கூடாது என்று சொன்னார்கள். சொன்ன அதிகாரி வடக்கே இருந்து வந்தவர். எல்லாவற்றையும் பிரம்பால் விரட்டிவிடலாம் என்று நம்பினார். வீரணனுக்குப் பெண்டாட்டி இல்லை. முத்தழகு என்று ஒரே மகள். அவளைத் தவிர இந்த உலகத்தில் அவனுக்கு வேறு பிடிப்பு கிடையாது. காளையார்கோவிலில் மாப்பிள்ளை பார்த்து, எழுபத்தொன்றாம் வருஷம் பங்குனியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தான்.

நிழலுக்கு இன்னொரு குணமும் உண்டு என்பதை ஆட்டு வியாபாரி மீரான் சாகிபுதான் கண்டுபிடித்தார். அறுபத்தைந்தில் ஒருநாள் விமானத்தின் நிழல் இறங்கியபோது குறுக்கே ஒரு ஆட்டின் நிழலும் ஓடியது. அன்று சாயங்காலம் அவருடைய மந்தையில் ஒரு கிடா, வெயிலில் நின்றும் நிழல் விழாமல் மேய்ந்துகொண்டிருந்தது. ஏதோ சீக்கு என்று நினைத்தவர், சந்தையில் தள்ளிவிடலாம் என்று அதைத் தனியே கட்டிப்போட்டார். மறுநாள் விமானம் இறங்கும் நேரத்துக்குக் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சக்கரத்தில் விழுந்தது. "நெழலு முந்திப் போயிருச்சுன்னா ஒடம்பு பின்னாடியே போயிரும் வீரணா. கட்டிவச்சாலும் நிக்காது" என்றார் மீரான் சாகிபு. அதிலிருந்து நிழல் இறங்கும் நாளெல்லாம் வீரணன் மந்தை மந்தையாகப் போய் ஆடுமாடுகளின் காலடியைப் பார்த்துவருவான். அதற்குப் பிறகு அப்படி எதுவும் அகப்படவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் மாசி மாதம், தேர்தலுக்குத் தலைவர் ஒருவர் வருவதாக இருந்தது. முந்தின நாள் உச்சிவேளையில் விமானத்தின் நிழல் இறங்கியது. பாதி தூரத்தில் திமிலும் கொம்புமாக ஒரு காளையின் நிழல் படுத்திருந்தது. பக்கத்தில் தலையில் கூடையும் காற்றில் ஆடும் சேலை முந்தானையுமாக ஒரு நிழல். மூன்றும் ஒன்றாகக் கலந்து, ஒரே கருந்திட்டாகி, அப்படியே நின்றன. அதே நேரத்தில் வானம் மூடாப்புப் போட்டு வெயில் மறைந்துவிட்டது. யார் காலடியில் நிழல் இருக்கிறது, யார் காலடியில் இல்லை என்று பார்க்க வழியில்லை.

காளை எது என்று வீரணனுக்குத் தெரியும். கோயில் காளை. அதை யாரும் கட்டுவதில்லை, அடிப்பதில்லை, அதட்டுவதுகூட இல்லை. நெல்லில் வாய்வைத்தால் கும்பிட்டு ஒதுங்குவார்கள். அதைத் தடவிக் கூப்பிட்டு அழைத்துப்போகக்கூடியவள் ஒருத்திதான். கன்றுக்குட்டியாக இருந்த நாளிலிருந்து அதற்குக் கூடையில் பருத்திக்கொட்டை கொண்டுபோகிற முத்தழகு. அன்று வீரணன் மந்தைப் பக்கம் போகவில்லை. மகளுடைய காலடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் வரவில்லை.

மறுநாளும் வானம் அப்படியே இருந்தது. காளை வந்து ஓடுதளத்தின் நடுவில் படுத்தது. ஊரே ஓரத்தில் கூடி நின்றதே தவிர, ஒருவரும் கிட்டே போகவில்லை. வீரணன் ஓடுதளத்து ஓரத்திலிருந்த தன் வீட்டுக்குள் மகளை விட்டு வெளியே பூட்டினான்.

"என்னப்பா பண்ணுறீக? மாடு படுத்துக் கெடக்கு, நான் போனா எந்திரிச்சிரும். கதவத் தொறங்க" என்றாள் உள்ளேயிருந்து.

"இன்னைக்கு நீ போக வேணாம் தாயி" என்றான் வீரணன்.

சாவியை மீரான் சாகிபு கையில் கொடுத்து, விமானம் இறங்கி நின்ற பிறகுதான் திறக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். மேற்கே இரைச்சல் கேட்டது. சிவப்புக் கொடியை ஆட்டிப் பார்த்தான். தேர்தல் காலத்தில் கொடி ஆட்டினால் வரவேற்பு என்றுதான் நினைப்பார்கள். விமானம் ஒரு வட்டம் போட்டுத் தாழ்ந்தது. அதில் இருப்பவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே என்று அவனுக்குப் பட்டது. பிரம்பு கையில்தான் இருந்தது. ஆனால் கோயில் காளையின் மேல் பிரம்பை ஓங்க அந்தச் சீமையில் பிறந்த எவனுக்கும் கை வராது. பிரம்பைப் போட்டுவிட்டு, வாசலில் துணிக்கொடியில் கிடந்த மகளின் பழைய சேலையை மாடு வாசனை பிடிக்கட்டும் என்று உடம்பில் சுற்றிக்கொண்டு, பருத்திக்கொட்டைக் கூடையைத் தலையில் வைத்து ஓடினான்.

காளை மோந்து பார்த்து எழுந்தது. அந்த நேரத்தில்தான் மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. காளைக்கு நிழல் இல்லை. அதை அவன் எதிர்பார்த்துத்தான் இருந்தான். பிறகு குனிந்து தன் காலடியைப் பார்த்தான். வெறும் தார்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் ஊரிலுள்ள காலடியையெல்லாம் பார்த்துத் திரிந்தவன், தன் காலடியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தரம்கூட நினைத்ததில்லை. பயம் வரவேண்டிய நேரத்தில் அவனுக்குச் சந்தோஷம் வந்தது. நெஞ்சு நிறையச் சந்தோஷம். "நாந்தானா" என்று காளையிடம் சொல்லிவிட்டு, அதன் திமிலைத் தடவி, ஓரத்தைப் பார்த்து நடந்தான். ஓரம் கொஞ்ச தூரம்தான்.

விமானம் வலப்பக்க இறக்கை ஒடிந்து உழவுக்காட்டில் போய் நின்றது. தலைவருக்குக் கை முறிந்தது, ஓட்டியவருக்கு ஒன்றுமில்லை. காளைக்கு மாலை போட்டு, கொட்டு முழக்கத்தோடு குழி தோண்டினார்கள். வீரணனுக்கும் அதே கொட்டு, அதே மாலை. மீரான் சாகிபு சத்தியம் தவறாமல், விமானம் நின்ற பிறகுதான் கதவைத் திறந்திருந்தார். முத்தழகு வெளியே ஓடிவந்தபோது அவளுக்கு முன்னால் அவளுடைய நிழல் நீளமாக விழுந்தது. அவர் முதலில் அதைப் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் அழுதார்.

முத்தழகு கல்யாணம் ஆடிக்குப் பிறகு நடந்தது. ஓடுதளத்துக்கு வேறு காவலாள் வந்தான். விமானங்களும் வந்துகொண்டுதான் இருந்தன, முந்தின நாளே நிழல்களும். நிழல் இறங்கியது என்று சத்தம் கேட்டால் அந்த ஊரில் ஆணும் பெண்ணும் வெயிலுக்கு வந்து, முதலில் தங்கள் காலடியைக் குனிந்து பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளைக் கூப்பிடுவது அதற்குப் பிறகுதான்.