பிறேமுக்கு வெளியே ஒரு கை

காலையிலிருந்து பிரேமினியை மூன்று முறை கொன்றாயிற்று. மூன்று முறையும் கழுதை வந்து கெடுத்தது.

கீரிக் கடற்கரை. சோளகக் காற்று மணலைக் கிளப்பி முகத்தில் எறிந்தது. எடுத்துக்கொண்டிருந்தது படத்தின் கடைசிக் கொலை. ஓடிவரும் பெண் விழுகிறாள். துரத்தியவன் அவள் நெஞ்சில் ஏறியிருந்து கழுத்தை நெரிக்கிறான். சுற்றிலும் ஒருவருமில்லை. மணல், கடல், ஒருவரும் உட்காராத ஒரு வெற்றுக் கதிரை. அந்தக் கதிரை படம் முழுக்க அவள் பக்கத்தில் வெறுமையாகவே வந்தது. முதலில் குசினியில், பிறகு முற்றத்தில், இப்போது கரையில்.

"தனிமை எண்டால் ஆளில்லாத இடமில்லை," என்று இயக்குநர் பிரசாந்தன் முதல் நாளே சொல்லியிருந்தான். "கமெரா பிறேமுக்குள்ள ஆளில்லாத இடம். வெளியில நூறு பேர் நிண்டாலும் காரியமில்லை."

கமெரா பிடித்த றஞ்சிதாவுக்கு அந்தப் பேச்சுப் பிடித்திருந்தது. அதுவரை அவள் கலியாண வீடியோ எடுத்தவள். அங்கே எல்லோரையும் உள்ளே அடக்க வேண்டும். ஒரு மாமி விடுபட்டால் சண்டை. இங்கே எல்லோரையும் வெளியே தள்ள வேண்டும்.

காற்றில் கூப்பிட்டால் கேட்காது. கழுத்தில் கை இருந்தால் கூப்பிடவும் முடியாது. அதனால் ஓர் ஏற்பாடு இருந்தது. மூச்சு முட்டினால் பிரேமினி இடது கையால் மணலில் அடிப்பாள். கமெராவில் கண் வைத்திருக்கும் றஞ்சிதா அதைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

"அக்கா, என்ர கையைப் பாருங்கோ. வேற ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"பாக்கிறன். நீ பயப்பிடாமல் சா."

பிரேமினி சிரித்துக்கொண்டு மணலில் படுத்தாள்.

கொலைகாரன் சிவரூபன். மீன்வாடியில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். நடித்துப் பழக்கமில்லை. இரண்டாம் முறை, கழுதை வராவிட்டாலும் அது வீண்தான். நெரித்துக்கொண்டே, "நோகுதோ தங்கச்சி?" என்று கேட்டுவிட்டான்.

"டேய், நீ கொலைகாரனோ, நேர்ஸோ?" என்றான் பிரசாந்தன். எல்லோரும் சிரித்தார்கள். சிவரூபன் சிரிக்கவில்லை.

நான்காம் முறை கழுதைகள் வரிசையாக வந்தன. ஒன்று நின்று கதிரையை மோந்து பார்த்தது.

"மன்னாரில தனிமை காட்டேலாது அண்ணை," என்றான் ஒலிப்பதிவு செய்த யதுசன். "கழுதை விடாது."

பிரசாந்தன் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தான். "றஞ்சி, அகலம் வேண்டாம். முகத்துக்குப் போ. நெத்தியிலயிருந்து கழுத்து வரை. அதுக்குள்ள எந்தக் கழுதை வரும், பாப்பம்."

அவள் சூம் வளையத்தைத் திருப்பினாள். கடல் போயிற்று. கதிரை போயிற்று. மணல் போயிற்று. ஒரு முகம், ஒரு கழுத்து. இதுதான் தனிமை என்று நினைத்தாள். பிரேமினிக்கு ஒருவரும் சொல்லவில்லை. படுத்திருப்பவளுக்குச் சூம் தெரியாது.

பிரசாந்தன் சிவரூபனின் காதில் ஏதோ சொன்னான். சிவரூபன் தலையாட்டினான். பிறகு பிரசாந்தன், இனிப் பிறேமுக்குள் வராதென்று கிட்ட நகர்த்திய குடைக்கடியில், மொனிற்றருக்கு முன்னால் போய் நின்று, தொடங்கச் சொல்லிக் கையைக் கீழே வீசினான்.

விரல்கள் கழுத்தில் இறங்கின. இந்த முறை உண்மையாகவே இறங்கின. முகம் சிவந்து, பிறகு கறுத்தது. நெற்றியில் ஒரு நரம்பு எழுந்தது. றஞ்சிதா போக்கஸைத் திருத்தினாள். பிரேமினியின் கண்கள் பிறேமுக்கு வெளியே ஒரு பக்கம் போயின. லென்ஸுக்கு வந்தன. மறுபடி அந்தப் பக்கம் போயின. ஆளில்லாத பக்கத்தைப் பார்த்துக் கெஞ்சுகிறாள், என்ன நடிப்பு என்று றஞ்சிதா நினைத்தாள். வாயோரம் நுரை வந்தது. நாக்கு வெளியே வந்தது. வலது கண்ணின் வெள்ளையில் ஒரு சிவப்புப் பொட்டு வெடித்துப் பரவியது.

அந்தச் சிவப்புக்கு ஒப்பனை கிடையாது.

அவள் பார்ப்பது தன் இடது கையை.

றஞ்சிதா சூமை முழுவதும் திறந்தாள். முதலில் கை வந்தது. அது அடித்து அடித்து மணலில் குழி பறித்திருந்தது. மட்டி ஓடு கிழித்து விரல்களில் இரத்தம். அடி மெதுவாகிக்கொண்டிருந்தது. பிறகு, கைக்குச் சற்றுத் தள்ளி, குடை வந்தது. குடைக்கடியில் எல்லோரும் நின்றார்கள். எட்டினால் தொடலாம். எல்லோரும் குனிந்து மொனிற்றரில் பிரேமினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேமினியை ஒருவரும் பார்க்கவில்லை.

றஞ்சிதா கத்தினாள். காற்று கொண்டுபோயிற்று. ஓடினாள். வழியில் கிடந்த வள்ளத்திலிருந்து துடுப்பை இழுத்தெடுத்துச் சிவரூபனின் முதுகில் போட்டாள். அவன் விடவில்லை. அடுத்த அடி காதில் விழுந்தது. துடுப்பு முறிந்தது. காது கிழிந்து தொங்கியது. அவன் உருண்டு போய், விரல்களுக்கிடையால் இரத்தம் ஒழுக, அழுதான்.

"கட் சொல்லேல்லையே! நல்லா நெரி, கட் சொல்லுமட்டும் விடாத எண்டு அண்ணைதானே சொன்னவர்!"

பிரேமினியின் தொண்டை, வற்றின கிணற்றில் பம்ப் இழுப்பதுபோல் இழுத்தது. புரண்டு வாந்தி எடுத்தாள். இடது கை இன்னும் மணலில் அடித்துக்கொண்டிருந்தது.

பிரசாந்தன் ஓடிவந்தான். "பிறேமை ஏன் விட்டனீ? அப்பிடி ஒரு சொட் இனி..." கழுத்தைக் கண்டதும் நிறுத்தினான். "கொஞ்சம் உண்மையா வரட்டும் எண்டுதான்..."

றஞ்சிதா கையிலிருந்த பாதித் துடுப்பால் அவன் வாயில் குத்தினாள். அவன் மணலில் குந்தி ஒரு பல்லைத் துப்பினான்.

யதுசன் தெருவில் நின்ற வானைக் கொண்டுவர ஓடினான். றஞ்சிதா மண்டியிட்டுப் பிரேமினியின் தலையைத் தூக்கப் போனாள். பிரேமினி தலையை இழுத்துக்கொண்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"பாக்கிறன் எண்டனீங்கள்."

றஞ்சிதா எழுந்து கமெராவிடம் போனாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி, படம் பதிந்த கார்டை எடுத்தாள்.

"அதைத் தா," என்றான் பிரசாந்தன். வாய் நிறைய இரத்தம். "கை தெரியிறதுக்கு முன்னால வெட்டினால் சரி. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது."

"முழுக்க இருக்கட்டும்."

"விசரி, நீ ரெண்டு பேருக்கு அடிச்சதும் அதுக்குள்ள கிடக்கு. பொலிஸ் பாத்தால் முதல்ல உன்னைத்தான் பிடிக்கும். வெட்டினால் உனக்கும் நல்லம்."

அவள் பிரேமினியிடம் திரும்பி வந்தாள். பிறகு கார்டைப் பிரேமினியின் இடது கையில் வைத்து, இரத்தம் காயாத விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"கடைசி மட்டும் இருக்கோ?" என்று கேட்டாள் பிரேமினி.

"ஓம். நான் அடிக்கிறது வரைக்கும்."

யதுசன் வானைக் கொண்டுவந்து நிறுத்தினான். பிரேமினி எழுந்தாள். றஞ்சிதா நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். மூடிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தனியே வானுக்கு நடந்தாள்.