கம்பி தடுக்கிய கூடுகள்

வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பினேன். நான் கழித்துப்போட்ட தோட்டாக் கூடுகளின் டின் காலியாகக் கிடந்தது.

ஷார்ஜாவைத் தாண்டி மணலுக்குள் இருந்த ஒரு துப்பாக்கி கிளப்பில் 2006-இல் எனக்கு அதுதான் வேலை. பழைய பட்டாளத்து த்ரீ நாட் த்ரீ ரைபிளில் சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துக் கொடுக்க வேண்டும். சுடச்சுடக் கூட்டின் அடிப்பக்கம் உள்ளுக்குள் தேயும். வெளியே ஒன்றும் தெரியாது. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு வருடினால் ஓரிடத்தில் தடுக்கும். அதை மறுபடி சுட்டால் கூடு இரண்டாகப் பிளந்து, நெருப்பு சுடுகிறவன் கண்ணுக்கு வரலாம். அப்படி நாற்பத்தொன்றைக் கழித்து, மார்க்கரால் குறி போட்டு டின்னில் வைத்திருந்தேன்.

மேனேஜர் ரகுநாதனிடம் போய்க் கேட்டேன்.

“நாலு மணிக்கு கெஸ்ட் வர்றாங்க இன்பமணி. இருநூறு வேணும், கூடு பத்தல. உன் டின்ல கெடந்ததையும் சேத்து எல்லாத்தையும் பாலிஷ் மெஷின்ல போட்டேன். வில்பிரட் மருந்து வச்சு முடிச்சுட்டான்.”

மெஷின் என் குறியையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. மருந்து வைத்த கூட்டுக்குள் கம்பி விட முடியாது. இருநூறில் எது அந்த நாற்பத்தொன்று என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். கழித்த அன்றே பிளையரால் வாயை நசுக்கித் தொலைக்காமல், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி குறி போட்டு வைத்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வில்பிரட் எனக்குப் பக்கத்துக் கட்டில். குளச்சல்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கெஸ்ட் முன்னால் முதல் குண்டைச் சுட்டுக் காட்டுவது அவன்தான்.

“எல்லாத்தையும் பிரிக்கணும் சார்” என்றேன்.

“இன்னிக்கு ஒரு நாள்தானேப்பா. ஒண்ணும் ஆகாது.”

“அப்ப மொதல் குண்டை நீங்க சுடுங்க.”

ரகுநாதன் துப்பாக்கியை எடுத்தார். ஆனால் தோளில் வைக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, “வில்பிரட், இங்க வாப்பா” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், இனி யாரும் சுட முடியாதபடி இருநூறையும் கழிவு எண்ணெய் டிரம்மில் கொட்டினேன்.

“கலாஸ், எல்லாம் முடிஞ்சுது” என்றார் ரகுநாதன். “நாளைக்கே விசா கேன்சல். ஊருக்குக் கிளம்பு.”

“அனுப்புங்க” என்றேன்.

ரூமில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வில்பிரட் வந்தான். நன்றி சொல்வான் என்றுதான் நினைத்தேன். முகம் சிவக்க, கதவிலேயே நின்றான்.

“ஒனக்க கோவம் தீந்துட்டு. நீ போயிருவ. நாளைக்கு எனக்குக் கம்பி விட்டுப் பாக்கது யாருடே?”

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மேனேஜர் ரூமுக்கு நடந்தேன். என் ஆயுசில் அவ்வளவு கோபத்தோடு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.