கலந்துபோன ஒயர்கள்

துணிப்பையைக் கட்டிலின் மேல் கவிழ்த்ததும் ஒயர்கள் ஒரே கட்டியாக வந்து விழுந்தன. போன் சார்ஜர், எப்போதோ செத்துப்போன பிரிண்டரின் ஒயர், எதற்கென்றே தெரியாத மஞ்சள் ஒயர் ஒன்று. அவற்றையெல்லாம் ஒதுக்கியபின் கறுப்பு ஒயர்கள் மட்டும் மிஞ்சின. அவள் சிக்கெடுத்து ஒவ்வொன்றாக நீட்டி வைத்தாள். எல்லாம் தட்டையாக, நாடா போல இருந்தன. எல்லாவற்றின் முனையிலும் எட்டு துளை, ஒரு சின்னக் கொக்கி. ஒன்றை எடுத்துக்கொண்டு போய், முன்னறையில் பக்கவாட்டு மூடி கழற்றிக் கிடந்த கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் செருகிப் பார்த்தாள். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டுதான் செருகினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகினாள். அதுவும் 'டக்'. ஏதாவது ஒன்று பொருந்த மாட்டேன் என்று அடம்பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

புது கிராபிக்ஸ் கார்டு மேசைமேல் அதன் பெட்டியையே மெத்தையாக்கிக்கொண்டு கிடந்தது. செங்கல் கனம். கூடவே ஒரு குட்டி ஒயர் வந்திருந்தது. அதன் ஒரு முனை கார்டின் வாயில் பொருந்தும், மறுமுனையில் மூன்று வால்கள். அந்த மூன்று வாலுக்கும் பவர் சப்ளையிலிருந்து மூன்று ஒயர் வர வேண்டும். எந்த மூன்று என்பதில்தான் காலையிலிருந்து அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டிய மாதிரி காட்டுவதுதான் அவர்கள் தொழில். கணவர் சுவர் எழுப்புவார், சன்னல் வைப்பார், கூரை போடுவார். அவள் தரைக்குப் பளபளப்பும் திரைச்சீலைக்கு நிழலும் சமையலறை மேடையில் விழும் வெயிலும் கொடுப்பாள். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயிண்டரம்மா என்று பெயர். இரண்டையும் சேர்த்து, வாசலில் நுழைந்து அறை அறையாகப் போய் மொட்டை மாடியில் நிற்கிற மாதிரி ஓடவிடும் கம்ப்யூட்டர்கள் முழுக்கக் கொழுந்தன் பொறுப்பு. சின்னவன் என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவார்கள். எந்தப் பெட்டிக்குள் என்ன ஒயர் போகிறது என்று அவன் இருந்தவரை மற்ற இருவரும் குனிந்துகூடப் பார்த்ததில்லை.

அவன் வீட்டை விட்டுப் போனது ஒரு மாடிப்படியால். வீடுகளைக் கட்டி விற்கும் கட்டடக்காரர் வந்து உட்கார்ந்து திரையில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சின்னவன், "படியை இந்தப் பக்கம் திருப்பினா ஹால் பெருசாயிடும் சார்" என்று சொல்லி, அங்கேயே திருப்பியும் காட்டிவிட்டான். கட்டடக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. அவர் வாசல் தாண்டும்வரை சிரித்துக்கொண்டிருந்த கணவர் உள்ளே வந்து, "மெஷினைத் துடைக்கிறவன் மெஷினைத் துடைச்சா போதும்" என்றார். அதற்கு அவன் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, பழைய கதையெல்லாம் வெளியே வந்து விழுந்தது. ஒரு வாரத்தில் அவன் தன் பங்கு என்று ஒரு கம்ப்யூட்டரையும், இருந்த ஒரே நல்ல கிராபிக்ஸ் கார்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு அறை பிடித்துவிட்டான். படி எந்தப் பக்கம் இருந்தால் சரி என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளிடம் பதில் இருந்திருக்காது. அந்தப் பக்கம் வைத்தால் ஹால் பெரிதானது உண்மை. இந்தப் பக்கம் இருக்கும்போது படியில் விழுந்த வெயில் அழகாக இருந்ததும் உண்மை.

நாளைக் காலை அதே கட்டடக்காரர் அதே வீட்டின் முழுப் படத்தையும் பார்க்க வருகிறார். இந்தக் கார்டு ராத்திரி முழுக்க ஓடினால்தான் காலைக்குள் படம் தயாராகும்; அதற்கு இன்று சாயங்காலமாவது ஓடவிட ஆரம்பிக்க வேண்டும். மத்தியானம் சாப்பிடும்போதுதான் கணவர் இன்னொரு விஷயத்தையும் போகிறபோக்கில் சொன்னார். "சின்னவன்கிட்டயும் கேட்டிருக்காராம். ரெண்டு பேர் பண்ணதையும் பாத்துட்டு முடிவு பண்ணுவாராம்." சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். கார்டை விற்றவர் அவர்தான்.

"எந்தக் கம்பெனி சப்ளையோ அந்தக் கம்பெனி ஒயர்தான்மா போடணும்" என்றார் அவர். "வெளியில பாக்க எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். உள்ள கம்பி போற வரிசை வேற வேற. மாத்திப் போட்டுட்டா கார்டு போயிரும்."

"எது எந்தக் கம்பெனின்னு எப்படிங்க தெரியும்?"

"மேலேயே எழுதியிருக்கும்."

"ஒண்ணுலயும் எழுதலையே."

"அப்ப வாங்கினவரைக் கேளுங்க. புதுசு வேணும்னா சொல்லி வரவழைக்கணும். இந்த வாரம் வராது."

இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு பேச்சு. கார்டோடு வந்த குட்டி ஒயரைப் போடவே போடாதே என்றான் ஒருவன். அதைத் தவிர வேறெதையும் போடாதே என்றான் இன்னொருவன். ஒரே ஒயரில் இரண்டு தலை இருந்தால் அதை நம்பாதே, முழுசாக அழுத்து, ரொம்ப அழுத்தாதே, வளைக்காதே. ஒருவன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் உருகிப்போன ஒரு முனையின் படத்தைப் போட்டிருந்தான். மெழுகுவர்த்தி மாதிரி வழிந்திருந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன பெயிண்டரம்மா, இன்னுமா? பொருந்துதா?"

"எல்லாமே பொருந்துதுங்க."

"அப்புறம் என்ன? பொருந்துறதைப் போடு. ஒரு ஒயருக்கு இவ்வளவு யோசனையா?"

"தம்பியைக் கேட்டா ஒரு நிமிஷத்துல..."

அவர் உள்ளே போய்விட்டார். கதவை அறையவில்லை. அறைந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் பின்கட்டில் துணி காயும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு சின்னவனைப் போனில் கூப்பிட்டாள். எடுப்பானோ மாட்டானோ என்று இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க அண்ணி."

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"உள்ள இருக்காரு." விஷயத்தைச் சொன்னாள். எல்லாம் கறுப்பு, எல்லாம் தட்டை, எல்லாம் பொருந்துகிறது என்றாள்.

"பழைய சப்ளை ஒண்ணு செத்துப்போச்சே, ஞாபகம் இருக்கா? அதைத் தூக்கிப் போட்டேன். ஒயரைத் தூக்கிப் போட மனசு வராம அந்தப் பையிலயே போட்டுட்டேன். ரெண்டும் கலந்துடுச்சு. அது வேற கம்பெனி."

"எது எதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"சத்தியமா தெரியாது அண்ணி. படம் அனுப்பினாலும் தெரியாது. எதையும் செருகிடாதீங்க."

போனை வைத்த பிறகும் அவள் துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். செருகாதீங்க என்று சொல்லிவிட்டான். செருகாவிட்டால் நாளைக்குக் காட்ட இவர்களிடம் ஒன்றும் இருக்காது. அவனிடம் இருக்கும். நினைத்த உடனேயே சே என்று ஆகிவிட்டது. அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கூடப்பிறந்தவன்கூட ஒரு நாள்தான் வந்தான், இவன்தான் பிளாஸ்க்கும் கையுமாக அலைந்தான். அவனைப் போய் இப்படி நினைக்கலாமா? ஆனால் வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே அவன் கட்டடக்காரரோடு தனியாகப் போனில் பேசியதும் பொய்யில்லை. ஏன் பேசினாய் என்று கேட்டதற்கு, "அவர்தான் கூப்பிட்டாரு" என்றான். அவர்தான் கூப்பிட்டிருக்கலாம். எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் கொடியில் காய்ந்துவிட்ட ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். பிறகு அதைத் திரும்பக் கொடியிலேயே போட்டாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. "நான் வரேன் அண்ணி. வாசல் கேட்டுக்கு வாங்க. அண்ணன்கிட்ட சொல்ல வேணாம்."

அவள் முன்னறை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. கணவர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டிலில் இருந்த கறுப்பு ஒயர்களையெல்லாம் கொண்டுவந்து ஒன்றோடொன்று ஒட்டவைத்து நீளம் பார்த்துக்கொண்டிருந்தார். கார்டை அதற்குள் உள்ளே பொருத்தியும் விட்டிருந்தார். "இங்க பாரு, இந்த மூணும் ஒரே நீளம். இது மூணும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. மத்ததெல்லாம் குட்டை" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு கேட்கிற சந்தோஷம் என்பதால் அவளால் உடனே மறுக்க முடியவில்லை.

"கொஞ்சம் பொறுங்க, வந்துடறேன். ஸ்விட்ச் மட்டும் போட்டுடாதீங்க" என்றாள்.

"எங்க போற?"

"கேட்டுல யாரோ."

சின்னவன் பைக்கில் இருந்து இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டிருந்தான். இளைத்திருக்கிறானா, இல்லை ஹெல்மெட்டுக்குள் முகம் அப்படித் தெரிகிறதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டைக்குள்ளிருந்து மூன்று ஒயர்களை எடுத்துக் கொடுத்தான். ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"உங்க சப்ளையும் என்னோடதும் ஒரே கம்பெனி, ஒரே நாள் ஒரே கடையில வாங்கினது. இது என் மெஷின்ல இருந்தது. இது சரியான ஒயருன்னு நிச்சயமா தெரியும். இதைப் போடுங்க."

"உன் மெஷின்ல இருந்து கழட்டிட்டா நீ எப்படிடா..."

"என்னோடது முடிஞ்சிடுச்சு அண்ணி."

"எப்போ முடிஞ்சுது?"

அவன் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்தான். சரியாகத்தான் இருந்தது. "முடிஞ்சிடுச்சு" என்றான் மறுபடி.

ஒயர்கள் வெதுவெதுப்பாக இருந்தன. இவ்வளவு நேரம் சட்டைக்குள் இருந்த சூடா, ஓடிக்கொண்டிருந்த மெஷினிலிருந்து அப்படியே பிடுங்கி வந்த சூடா? விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். முடிந்துவிட்டது என்றால் இவர்களைவிட முன்னால் முடித்துவிட்டான் என்று அர்த்தம். முடியவில்லை என்றால் நாளைக்கு அவனிடம் காட்ட ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இரண்டில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று தான் ஆசைப்படுகிறோம் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை.

"உள்ள வாடா. ஒரு வாய் தண்ணியாவது..."

அப்போது திறந்திருந்த சன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. விரலைச் சொடுக்கிய மாதிரி ஒரு 'டிக்'. சின்னவனின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. அவள் ஓடினாள்.

கணவர் அதே சம்மணத்தில் உட்கார்ந்திருந்தார். விரல் இன்னும் ஸ்விட்சின் மேல் இருந்தது. ஒரே நீளமான மூன்று ஒயர்களும் உள்ளே ஒழுங்காக, பார்க்க அழகாகக்கூட, செருகப்பட்டிருந்தன.

"ஃபேன் அரைச் சுத்து சுத்துச்சு" என்றார். "அப்படியே நின்னுடுச்சு."

"போட வேணாம்னு சொன்னேனே."

"பாக்கலாமேன்னு..." இன்னொரு முறை அழுத்தப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சுவர் பிளக்கைப் பிடுங்கினாள். இருவரும் குனிந்து மோந்து பார்த்தார்கள். புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. அது பெட்டியைப் பிரித்தபோதே வந்த வாசனையா, இப்போது வருகிற வாசனையா என்று கேட்டால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. கார்டு செத்துவிட்டதா, இல்லை ஏதோ தப்பு என்று தெரிந்து பவர் சப்ளையே தன்னை நிறுத்திக்கொண்டதா? கறுப்பாக, பளபளவென்று, காலையில் மேசையில் இருந்த அதே மாதிரிதான் இருந்தது அது.

அப்போதுதான் அவர் அவள் கையைப் பார்த்தார்.

"அது என்ன?"

மென்று விழுங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றியது. "தம்பி கொண்டுவந்தான். நான்தான் கூப்பிட்டேன். அவன் மெஷின்ல இருந்து கழட்டிக் கொண்டுவந்திருக்கான்."

அவர் கத்தவில்லை. ரப்பர் பேண்டை உருவாமல் மூன்று ஒயர்களையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளம் வேறு, தான் செருகியது இதைவிட நீளம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"அப்ப அவனோட படம்?"

"முடிஞ்சிடுச்சுன்னு சொல்றான்."

"அதுக்குள்ள எப்படி முடியும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, முடிச்சிருப்பான். அவன் கைவேகம் அப்படி" என்றார். பிறகு அவளையே நிமிர்ந்து பார்த்து, "முடிச்சிருப்பானா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

அவர் கம்ப்யூட்டருக்குள் கைவிட்டு, தான் செருகிய நீள ஒயர்களில் ஒன்றைக் கொக்கியை அமுக்கிக் கழற்றினார். அதை ஒரு கையிலும் சின்னவனின் ஒயர்களை மறு கையிலும் பிடித்தபடி எழுந்தார். கால் மரத்துப்போயிருக்க வேண்டும், மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார். கூடப் போகலாமா, இங்கேயே இருக்கலாமா என்று அவள் கதவுவரை போய்விட்டுச் சன்னலுக்குத் திரும்பி வந்தாள்.

வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. தெரு விளக்கு இன்னும் வரவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் பைக்கின்மேல் அவன் அப்படியே இருந்தான். இவர் போய் நின்றார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் கையை ஓங்கினார், இல்லை, ஒயரை நீட்டினார். சின்னவன் அதை வாங்கினானா பிடுங்கினானா என்பது தெரியவில்லை. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி பைக்கின் கண்ணாடிக் கம்பியில் மாட்டினான். இருவரில் யாரோ போன் விளக்கைப் போட்டார். அந்தச் சின்ன வெளிச்சத்துக்குக் கீழே இரண்டு ஒயர் முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு தலைகளும் முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்தன. இங்கிருந்து பார்த்தால் இரண்டு உச்சந்தலையும் ஒன்று போலவே இருந்தன. அவற்றில் ஒன்று இல்லை இல்லை என்பதாக மெதுவாக அசைந்தது. அவள் சன்னல் கம்பியில் முகத்தை வைத்து, அது யாருடையது என்று பார்க்க முயன்றாள்.