காத்தாயி வாசலில் விழும் காய்கள்

பேராவூரணிக்குத் தெற்கே எல்லையம்மாள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் தென்னையிலிருந்து உதிரும் காய்கள் தரையில் விழுவதில்லை. அவை இலங்கையில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், காத்தாயி என்பவளுடைய வாசலில் விழுகின்றன. இது தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஊரில் இப்போது யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. கொப்பரை விலையைப் பற்றித்தான் பேச்சு.

கஜா புயலில் எல்லையம்மாளின் புருஷன் மருதையனுக்கு இருந்த மரமெல்லாம் வேரோடு சாய்ந்தபோது, கொல்லையில் நின்ற இந்த ஒன்று மட்டும் தப்பியது. புதுக்கன்று காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும். மகள் சுவேதாவுக்கோ அப்போதுதான் நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. எல்லையம்மாள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அதே கட்டடத்தில் மேல்மாடி வீட்டில் வேலை பார்த்தவள் காத்தாயி. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, தமிழில் யாரோ தனக்குத்தானே திட்டிக்கொள்வதைக் கேட்டுத்தான் எல்லையம்மாள் அவளிடம் போய்ப் பேசினாள். கொரோனா வந்து ஊரெல்லாம் அடைந்து கிடந்த காலத்திலும் சுவேதாவின் படிப்புக்குப் பணம் மாதம் தவறாமல் பேராவூரணிக்கு வந்தது. குவைத்திலிருந்து பணம் அனுப்புவதில் சிரமமே இல்லை. தெருவுக்கு ஒரு கடை அதற்கென்றே இருந்தது. ஊர் திரும்பிய எல்லையம்மாள், காத்தாயியை, கூட வேலை பார்த்தவள் என்று மட்டும் வீட்டில் சொன்னாள்.

காத்தாயியும் தன் மலைக்குத் திரும்பியிருந்தாள். சர்க்கரை வியாதியில் அவளுக்கு உள்ளங்காலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. மருந்து தவறினால் காலை எடுக்க வேண்டிவரும் என்று அங்கே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எல்லையம்மாள் மாதம் ஆயிரம் ரூபாய் அவளுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தாள். வங்கியில் இருந்த பெண் அதிகாரி அவளை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். “ஆயிரம் அனுப்ப ஆகுற செலவுல பாதிப் பணம் போயிடும்மா. மொத்தமா ஒரு தொகை அனுப்புனீங்கன்னா கட்டுப்படியாகும்.” மொத்தமாக ஒரு தொகையை எல்லையம்மாள் குவைத்திலும் பார்த்ததில்லை. சுவேதாவின் போனில் டீக்கடைக்கும் மளிகைக்கும் நொடியில் போன பணம், கடலைத் தாண்டச் சொன்னால் சுற்றிச் சுற்றி நின்றது. பட்டுக்கோட்டை லியாகத் அலி துணி மூட்டையோடு கொழும்புக்குப் போய்வருகிறவர். அவர் ஒரு பைசா எடுத்துக்கொள்ளாமல் இரண்டு தடவை பணத்தைக் கொண்டுபோய், தெரிந்தவர் மூலம் மலைவரைக்கும் சேர்த்தார். அவருக்காக எல்லையம்மாள் இன்றும் வேண்டிக்கொள்கிறாள். ஆனால் அவர் போவது நாலு மாதத்துக்கு ஒருமுறை. புண்ணுக்கு மருந்து தினமும் வேண்டும்.

ஒரு நாள் போனில் பேசும்போது மருந்து தீர்ந்து பத்து நாளாகிறது என்று காத்தாயி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். எல்லையம்மாள் போனை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் மரத்தில் கைவைத்து நின்று, “இங்க விழுறது அவ வாசல்ல விழுந்தா ஆகாதா?” என்று கேட்டாள். மறுநாள் காலையில் அவள் கண்ணெதிரே ஒரு நெற்று காம்பை விட்டுக் கிளம்பியது. பாதி வழி வரைக்கும் அவள் அதைப் பார்த்தாள். அதற்குக் கீழே காய் இல்லை. வாழைப் புதரிலும் வாய்க்காலிலும் தேடிவிட்டு வந்து டீயைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது.

“அக்கா, என் வாசல்ல ஒரு தேங்கா விழுந்துச்சு.”

“யாரு போட்டா?”

“போட ஆளில்லக்கா. சுத்தியும் தேயிலதான். நிமிந்து பாத்தா வெறும் வானம்.”

காய் வெட்டு நாளில் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். மரமேறுகிற வீரமணி உச்சியிலிருந்து, “அக்கா, ஒதுங்கிக்கங்க!” என்று குரல் கொடுத்துக் குலையை வெட்டினான். கொல்லையில் சத்தமே இல்லை. போனுக்குள் தொம் தொம் என்று கேட்டது. ஒரு காய் உருண்டு அடுத்த வீட்டுப் படியில் போய் நின்றதாகக் காத்தாயி சொன்னாள். வீரமணி இறங்கிவந்து வெறுந்தரையைப் பார்த்துவிட்டு, “என் கூலிக் காயும் போயிடுச்சா?” என்றான். மறுபடி ஏறி, இரண்டு காயைத் திருகி இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். அவை அவனோடு வந்துசேர்ந்தன. விழுவது போகும், ஆள் கொண்டுவந்தாலும் கயிற்றில் இறக்கினாலும் இங்கேயே நிற்கும் என்பது இப்படித்தான் தெரியவந்தது. காய்ந்த மட்டையும் பாளையும்கூட அங்கேதான் போயின. காத்தாயி அவற்றை அடுப்பெரித்தாள். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால் நேரக் குழப்பமும் இல்லை. அந்த வருஷம் இலங்கையில் தேங்காய் கிடைப்பதே அரிதாக இருந்தது. தோட்டத்துக் கடைக்காரர் வாசலுக்கே வந்து வாங்கிப்போனார். மருந்து தவறவில்லை. வழியில் ஒரு காய்கூடத் தொலையவில்லை.

படிப்பு முடிந்து கல்யாணமான சுவேதா நிறைமாதமாகத் தாய்வீட்டுக்கு வந்திருந்த சமயம், இங்கேயும் விலை ஏறியது. வைத்த கன்றுகள் இன்னும் காய்ப்புக்கு வரவில்லை. ஒரு நாள் காய் வெட்ட வந்த வீரமணியிடம் மருதையன் கயிற்றை எடுத்துக் கொடுத்து, எல்லாக் குலையையும் கட்டி இறக்கச் சொன்னார். வீரமணி மேலே ஏறியதும் எல்லையம்மாள் வந்து மரத்தடியில் நின்றாள்.

“இருக்கிறது ஒத்த மரம்” என்றார் மருதையன். “வீட்டுல பிள்ளத்தாச்சி இருக்கா. கூட வேல பாத்தவளுக்கு எத்தன நாளைக்குக் குடுப்ப?”

“சுவேதா யாரு பணத்துல படிச்சான்னு நெனச்சீங்க?”

“ஏன், உன் சம்பளத்துலதான்.”

“கொரோனா வந்ததுலேருந்து எனக்குச் சம்பளமே குடுக்கலைங்க. ஒரு வருஷத்துக்கு மேல. காத்தாயிதான் தன் சம்பளத்தப் பாதியாப் பிரிச்சு உங்களுக்கு அனுப்புனா. சோத்தையும் பாதி எனக்குக் குடுத்தா. சொல்லியிருந்தா நீங்க கெளம்பி வான்னுருப்பீங்க. இவ படிப்பு நின்னுருக்கும்.”

மருதையன் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவினார். துடைத்துக்கொள்ளாமல் அங்கேயே நின்றார். கொல்லை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த சுவேதா, அம்மாவின் போனை வாங்கிக் காத்தாயிக்கு அடித்தாள். அதுவரை அவள் காத்தாயியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

“சித்தி, நான் சுவேதா” என்றாள்.

போனில் மலைக் காற்றின் சத்தம் கேட்டது. பிறகு, “சாப்பிட்டியாம்மா?” என்று காத்தாயி கேட்டாள். சுவேதா அழுதுகொண்டே, “சாப்பிட்டேன் சித்தி” என்றாள். “கால் எப்படியிருக்கு? படம் புடிச்சு அனுப்புங்க, நான் பாக்கணும்” என்றாள். அன்றுமுதல் அந்தப் புண்ணை எப்படிக் கழுவுவது, எப்படிக் கட்டுவது என்பதைச் சுவேதா போனில் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

மருதையன் மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். “கயித்த அவுத்துடு தம்பி” என்றார். “வெட்டிப் போடு.” வீரமணி அரிவாளை ஓங்கியதும், “இருப்பா, இருப்பா” என்று கையை ஆட்டித் தடுத்துவிட்டு மகளிடம் திரும்பினார். “அந்தப் பொண்ண வாசல விட்டு உள்ள போயி நிக்கச் சொல்லு. தலையில விழுந்துடப் போவுது.”

எட்டு மாதத்தில் புண் ஆறியது. காத்தாயி செருப்புப் போட்டுக் கோயில்வரைக்கும் நடந்துபோய்வந்தாள். போதும் அக்கா, இனி உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். எல்லையம்மாள் பண்டிகைக்கும் குழம்புக்கும் வேண்டியதை மட்டும் கயிற்றில் இறக்கிக்கொண்டு, மற்றதை விழவிடுகிறாள். காத்தாயி தனக்குப் போக மிச்சத்தை லயத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கிறாள். அங்கே பேராவூரணியை எல்லோருக்கும் தெரியும். பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படிக்கும் மகனுக்காகப் பக்கத்துத் தெரு பூர்ணிமா தன் மாமரத்தடியில் போய் நின்று கேட்டுப் பார்த்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இந்தச் சித்திரையில் நாலு மாங்காய் குறைந்திருக்கிறதாம். மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, அவனே சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள்.

சுவேதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெயில் நேரத்தில் அதைக் கொல்லையில் அந்தத் தென்னைக்கு நேர் கீழே கட்டில் போட்டுத்தான் தூங்கவைக்கிறார்கள். வேறு எந்தத் தென்னைக்குக் கீழேயும் யாரும் பிள்ளையைப் போட மாட்டார்கள். மேலே ஒரு நெற்று காம்பு விட்டுப் போகிற சத்தம் எப்போதாவது கேட்கும். குழந்தை விழிக்காது. எல்லையம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, “போயிடுச்சு” என்பாள். தொடர்ந்து அரிசியைப் புடைப்பாள்.