திறந்து கிடந்த படல்

மலை கூப்பிடுகிறது என்று வெண்டல் சொன்னபோது நோரீன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“கூப்பிட்டா போயிட்டு வா. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து சேரு.”

“இது போயிட்டு வர்ற மலை இல்ல, கண்ணு. போய் இருக்கிற மலை.”

அமெரிக்காவின் ஒஹாயோவில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் கொட்டகையில்தான் வெண்டலின் வாழ்நாள் கழிந்திருந்தது. மற்றவர்கள் வானத்தைப் பார்த்த நேரமெல்லாம் அவர் பள்ளத்தில் படுத்துப் பேருந்தின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற அன்றைக்கே தூண்டில், படகு, பூட்ஸ், கூடாரம் எல்லாம் வாங்கிவிட்டார். அவற்றையெல்லாம் வைத்துக்கொள்ளத் தோதான ஓர் ஊர்தான் பாக்கி. மேற்கே மலைகள் நிறைந்த மொன்டானாவில் ஓர் ஓடைக்கரைச் சிற்றூரில் வாடகைக்கு வீடும் பார்த்தாயிற்று.

நோரீனுக்கு அப்படி எந்த மலையும் கூப்பிடவில்லை. தங்கை பெவ் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்திலேயே நோரீன் நரைத்திருந்தாள். பின்னால் யாராவது இருமினால், திரும்பிப் பார்க்காமலே இன்னார் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டு வருவதென்றால் சும்மாவா?

“முதல் பனி விழற வரைக்கும் வர்றேன்,” என்றாள். “அதுக்குள்ள எனக்கு அந்த ஊர் ஒட்டலேன்னா திரும்பிடணும். அதுவரைக்கும் இங்க வீட்டை விக்கப்படாது.”

“சரி,” என்றார் வெண்டல். தாமதித்தால் மனம் மாறிவிடுவாளோ என்ற பயத்தில் மளமளவென்று மூட்டை கட்டினார்.

புது ஊரில் யாரும் அவர்களிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. “எங்கேருந்து வர்றீங்க?” என்று கேட்பார்கள். “ஒஹாயோ” என்றால், “ஓ” என்பார்கள். அந்த “ஓ”வோடு பேச்சு நின்றுவிடும். வருகிறவர்கள் பாதிப்பேர் ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள், எதற்குப் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். வெண்டல் தினமும் மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு, மகிழ்ச்சியோடு வந்தார். நோரீன் சன்னலோரம் உட்கார்ந்து, பெவ்வுக்குப் போன் செய்ய மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், வீட்டுக்குள் இருந்து இருந்து அவளுக்கே அலுத்துப்போய், முதல்முறையாகத் தனியாக நடக்கக் கிளம்பினாள். வெண்டல் ஓடைப்பக்கம் போயிருந்தார். பாதை ஆர்டிஸ் என்ற பெண்மணியின் மேய்ச்சல் காட்டு ஓரமாக ஏறியது. காய்ந்த புல்லின் வாசமும் மலைக்காற்றும் சேர்ந்து முகத்தில் மோத, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டாள். இதை வெண்டலிடம் சொல்லக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டாள்.

அங்கேதான் வேலியில் ஒரு படல் திறந்து கிடந்தது. நாலு முள்கம்பி, நடுவில் சில குச்சிகள், அவ்வளவுதான். சுருண்டு புல்லில் கிடந்தது. மேலே காட்டில் மாடுகள் நின்றன.

‘ஐயோ பாவம், யாரோ மறந்துட்டாங்க. மாடெல்லாம் ரோட்டுக்குப் போயிடுமே!’

கம்பியை இழுத்து வந்தாள். ஓரக் குச்சியின் அடியை நிலைத்தூணில் இருந்த வளையத்தில் சொருகினாள். மேல்வளையம் மட்டும் எட்டவில்லை. தூணைக் கட்டிப்பிடித்து, தோளால் முட்டி, பல்லைக் கடித்து, சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு, ஒருவழியாக மாட்டிவிட்டாள். இந்த ஊருக்குத் தன்னாலும் ஒரு நன்மை நடந்தது என்ற நிறைவோடு இறங்கினாள்.

“வேலி வாசல் ஒண்ணு திறந்து கிடந்துச்சு. சாத்திட்டு வந்தேன்,” என்று இரவுச் சாப்பாட்டில் சொன்னாள்.

“நல்ல காரியம் பண்ணினே,” என்றார் வெண்டல். அவருக்கும் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பிரசங்கத்துக்கு முன் வழக்கம்போலப் போதகர் லாய்ட் சபையைப் பார்த்துக் கேட்டார்: “சந்தோஷம் ஏதும் உண்டா? பாரம் ஏதும் உண்டா?” அந்தச் சபையில் யாருக்கு என்ன இருந்தாலும் அப்போது எழுந்து சொல்வார்கள். ஒருவருக்குப் பேத்தி பிறந்திருந்தாள். ஒருவருக்கு முழங்கால் வலி. பிறகு ஆர்டிஸ் எழுந்தார். வெயிலில் வெந்து செம்புப் பாத்திரம் போலாகிவிட்ட முகம்.

“எனக்கு ஒரு பாரம். யாரோ என் வேலி வாசலைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. மேல்காட்டுல ஊத்து வத்திப்போச்சு. மாடுங்க ஓடைக்கு இறங்கித் தண்ணி குடிக்கட்டும்னு நான் திறந்து போட்டு வெச்ச வாசல் அது. தொண்டை காஞ்சு, ராப்பகலாக் கத்தி, கடைசியில வேலியையே பிச்சுக்கிட்டு இறங்கியிருக்குங்க. ஒரு கன்னுக்குக் காலெல்லாம் கம்பி கிழிச்சிடுச்சு. அது தேறணும்னு ஜெபம் பண்ணுங்க. சாத்தினது யாருன்னு தெரியுறப்போ என் நாக்கு கிறிஸ்தவ நாக்கா இருக்கணும்னும் சேர்த்து ஜெபம் பண்ணுங்க.”

“ரெண்டாவதுக்கு உபவாசமே இருக்கணும் போலிருக்கே, ஆர்டிஸ்,” என்றார் போதகர். சபை சிரித்தது.

நோரீன் சிரிக்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் முன்வரிசைப் பலகையைப் பிடித்த நேரத்தில், பக்கத்திலிருந்த வெண்டல் எழுந்துவிட்டார்.

“நான்தாங்க அது. மன்னிக்கணும். அந்தப் பக்கம் நடந்து போனேன். கதவு காத்துல ஆடிக்கிட்டிருந்துச்சு. கீலெல்லாம் துருப்பிடிச்சு கீச்கீச்சுன்னு கத்துச்சு. நல்லா இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டு வந்துட்டேன். எண்ணெய் விடணும்னு கூட நெனச்சேன்.”

ஆர்கன் வாசிக்கும் டெல்மா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். பின்வரிசையில் யாரோ விடாமல் இருமினார்கள். எல்லாருக்கும் கோபம் என்று நோரீன் நினைத்தாள்.

ஆர்டிஸ் வெண்டலை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நோரீனையும் பார்த்தார்.

“தூணுக்குக் குழி தோண்டத் தெரியுமா?”

“கத்துக்கிறேங்க.”

“நாளைக்குக் காலையில வாங்க. தொப்பி போட்டுக்கிட்டு வாங்க, மண்டை காஞ்சிடும்.” போதகர் பக்கம் திரும்பினார். “ரெண்டாவது ஜெபத்துக்குப் பதில் கிடைச்சாச்சு, போதகரே. முதலாவதை மட்டும் பண்ணுங்க.”

காரில் ஏறியதும் நோரீன் வெடித்தாள்.

“ஆலயத்துல வெச்சுப் பொய் சொல்லிட்டியே, பாவி! அதுவும் பிரசங்கத்துக்கு முன்னாடி!”

“பின்னாடின்னா பரவாயில்லையா?”

“விளையாடாதே. நான் சொல்லிடறேன். இப்பவே திரும்பு.”

வெண்டல் வண்டியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: “நோரீன், என்னை நாலு பேர் திட்டினா நான் தாங்கிக்குவேன். உன்னை ஒருத்தர் முறைச்சாலும் நீ முதல் பனிக்குக் கூடக் காத்திருக்க மாட்டே. கொஞ்சம் பொறு. அவங்க கோபம் ஆறட்டும்.”

அவள் பின்னால் திரும்பினாள். பின்சீட்டில் யாரோ வெள்ளரி மாதிரி நீண்ட நாலைந்து சுக்கினிக் காய்களைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆகஸ்டில் அங்கே எல்லார் தோட்டத்திலும் அது காய்த்துத் தள்ளும். காரைப் பூட்டாமல் விட்டால் கிடைக்கும் தண்டனை அதுதான். வேண்டியவர்கள் காராகப் பார்த்துத்தான் போடுவார்கள் என்பது நோரீனுக்கு அப்போது தெரியாது.

அந்த வாரம் முழுக்க வெண்டல் விடிந்ததும் போனார், சாயங்காலம் வந்தார். கையெல்லாம் கொப்புளம். மூக்குத் தோல் உரிந்திருந்தது. இரண்டு ஆள் சாப்பாட்டை ஒருவரே சாப்பிட்டார். “இன்னிக்குக் கழுகு ஒண்ணு பார்த்தேன், நோரீன். தலைக்கு மேலேயே!” என்பார், கரண்டி கையிலிருக்கவே தூங்கி வழிவார். கடைவீதியில் அவருக்குத் ‘தாழ்ப்பாள்’ என்று பெயர் விழுந்துவிட்டது. “என்ன தாழ்ப்பாள், எண்ணெய் விட்டாச்சா?” என்று இரும்புக்கடைக்காரர் கேட்பாராம். வெண்டலும் சிரிப்பாராம்.

நோரீனிடமோ எல்லாரும் திடீரென்று கனிவாகிவிட்டார்கள். டெல்மா ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்து, பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாட ஆள் வேண்டும் என்றாள். தபால்காரப் பெண் வண்டியை நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினாள். ஒவ்வொரு கனிவும் அவளைக் குத்தியது. இதெல்லாம் பொய்க்குக் கிடைத்த கூலி அல்லவா? அந்த ஆப்பிள் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள். சாப்பிட முடியவில்லை. கடவுள் கொடுத்த அன்பைக் கூடத் திருட்டுச் சொத்து போல ஒளித்து வைக்கச் செய்வதுதான் பொய்யின் குணம்.

வெள்ளிக்கிழமை காலை அவள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஆர்டிஸின் பண்ணைக்கு நடந்தாள். ஊர் முறைத்தால் முறைக்கட்டும். மூட்டை கட்ட அவளுக்குத் தெரியும்.

ஆர்டிஸ் பட்டியில் மண்டியிட்டிருந்தார். மடியில் அந்தக் கன்று திமிறிக்கொண்டிருந்தது.

“நல்ல நேரத்துல வந்தீங்க. தலையைப் பிடிங்க. காதைப் பிடிக்காதீங்க, கழுத்தை அணைச்சுப் பிடிங்க.”

நோரீன் அணைத்துப் பிடித்தாள். கன்றின் மூச்சு அவள் கழுத்தில் சூடாக அடித்தது. ஆர்டிஸ் காலில் களிம்பு தடவினார். காயம் ஆறிவந்தது, ஆனால் பார்க்க வேதனையாக இருந்தது.

“இதைப் பண்ணினது நான்,” என்றாள் நோரீன். கன்றை விட்டுவிடக் கூடாதே என்று கண்ணீரைத் துடைக்கவும் முடியவில்லை. “வெண்டல் இல்ல. அந்தப் படலைச் சாத்தினது நான்தான். மாடு ரோட்டுக்குப் போயிடும்னு நெனச்சேன்.”

“தெரியும்,” என்றார் ஆர்டிஸ், களிம்பை மூடியபடி.

“தெரியுமா?”

“அம்மா தாயே, அது கம்பிப் படல். அதுல கீல் எங்க இருக்கு, தாழ்ப்பாள் எங்க இருக்கு? உன் வீட்டுக்காரர் எழுந்து நின்னு, கீல் கத்துச்சு, எண்ணெய் விடணும்னு விளக்கமா சொல்றாரு. அந்தப் படலை அவர் கண்ணால கூடப் பார்த்ததில்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல நீ சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய் உக்கார்ந்திருக்கே. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“அப்போ… மத்தவங்களுக்கு?”

“எல்லாருக்கும் தெரியும். கடைசி வரிசை ஹாரால்டுக்கு மட்டும் தெரியாது. அவர் தூங்கிட்டிருந்தாரு.”

நோரீனுக்கு அந்த இருமல் ஞாபகம் வந்தது. டெல்மாவின் பாட்டுப் புத்தகமும்.

“ஏன் யாருமே சொல்லல?”

“எப்படிச் சொல்றது? நான் என்னமோ பழிவாங்கற மாதிரிதான் எழுந்தேன். ஒரு மனுஷன் பொண்டாட்டியை மறைக்க முன்னால வந்து நிக்கிறான், அதையும் இவ்வளவு அழகாச் சொதப்பறான். என் கோபம் அங்கேயே போயிடுச்சு. சிரிப்பை அடக்கறதுதான் பெரும்பாடா இருந்துச்சு.” ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டார். “பொய் பாவம்தான், இல்லேன்னு சொல்லல. அதுக்குத்தான் குழி தோண்ட விட்டிருக்கேன். ஆனா அதை உடைச்சுக் காட்ட எங்க யாருக்கும் மனசு வரல. நீயா வருவியா மாட்டியான்னு மட்டும்தான் எனக்கு யோசனை.”

கன்று எழுந்து நொண்டிக்கொண்டே தாயிடம் போனது.

“இனிமே ஞாபகம் வெச்சுக்கோ. திறந்திருந்தா திறந்தபடி விடு, சாத்தியிருந்தா சாத்தினபடி விடு. இந்த ஊர்ல பத்துக் கட்டளைக்கு அடுத்தது அதுதான்.”

“சரிங்க.”

“அது கிடக்கட்டும். அந்தப் படலை நீ தனியாவா மாட்டினே? என் மருமகன் அதை மாட்டறதுக்குள்ள மூணு தரம் கெட்ட வார்த்தை சொல்லுவான்.”

“நான் சொல்லல,” என்றாள் நோரீன். “கொஞ்சம் நெனச்சேன்.”

ஆர்டிஸ் வாய்விட்டுச் சிரித்தார். “அடுத்த மாசக் கடைசியில மாட்டையெல்லாம் உச்சி மலையிலேருந்து இறக்கணும். படலைத் திறந்து சாத்த ஒரு ஆள் வேணும். எப்போ எதுன்னு நான் சொல்றேன். நீ வர்றியா?”

நோரீன் மலையைப் பார்த்தாள். வந்த நாள் முதல் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மலைதான். தன்னால் ஒரு வேலை அங்கே ஆக வேண்டியிருக்கிறது என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

“வர்றேன்,” என்றாள்.

இருவரும் வேலியோரமாக ஏறினார்கள். வெண்டல் இடுப்பைப் பிடித்தபடி ஒரு குழியருகே நின்றிருந்தார். இரண்டு பெண்களும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். அதுக்குக் கீலே கிடையாதாம், வெண்டல்.”

“கீல் இல்லாம எப்படிக் கதவு?” என்றார் பேருந்து மெக்கானிக். பிறகு, தான் ஒரு வாரமாக எதன் பக்கத்தில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறோம் என்று திரும்பிப் பார்த்தார். புல்லில் கம்பியும் குச்சியும் சுருண்டு கிடந்தன. “இதுதானா அது? நான் ஏதோ பிஞ்ச வேலின்னு நெனச்சேன். அப்போ சபையில எல்லாருக்குமே…”

“எல்லாருக்கும்.”

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“உன்னைக் கேலிப்பொருளாக்கிட்டேன். நீ சொன்னா நாளைக்கே கிளம்பிடலாம், நோரீன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

சொல்ல மாட்டார்தான். அது அவளுக்குத் தெரியும். வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே ஓட்டுவார், வண்டிக் கண்ணாடியில் பின்னால் போகும் மலையைப் பார்க்காதது போலவே பார்த்துக்கொண்டு.

“இன்னிக்குப் பெவ்வுக்குப் போன் பண்ணணும்,” என்றாள்.

“வர்றோம்னு சொல்லவா?”

“வீட்டை விக்கிறதுக்கு நல்ல தரகனாப் பார்க்கச் சொல்லணும். அவ அழுவா. நானும்தான் கொஞ்சம் அழுவேன். அப்பறம் கோடைக்கு இங்க வரச் சொல்லுவேன்.”

“என்ன திடீர்னு?” என்றார் வெண்டல்.

“மாடு இறக்கணுமாம். நான் வர்றேன்னு சொல்லிட்டேன்.”

அவர் ஆர்டிஸைப் பார்த்தார். ஆர்டிஸ் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வெண்டல் தொப்பியை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துத் தோண்ட ஆரம்பித்தார். மண் பறந்தது. இடுப்பு வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. குழி முழங்கால் ஆழத்தைத் தாண்டியும் அவர் நிறுத்துவதாக இல்லை.

“யோவ் தாழ்ப்பாள், போதும்!” என்று கத்தினார் ஆர்டிஸ். “தூணுக்குத்தான் குழி கேட்டேன், கிணறு வெட்டச் சொல்லல!”