கண் மூடும் ஐந்து நிமிடம்

சபையின் சுவர்க்கடிகாரம் திங்கள் முதல் சனி வரை சரியாக ஓடும். ஞாயிறு ஆராதனை முடியும்போது மட்டும் ஐந்து நிமிடம் பின்தங்கி நிற்கும். நான்கு வாரமாக இதே கதை.

ஊசல் கடிகாரம் அப்படித் தவறாது. ஊசலின் நீளம் கூடினால் ஒவ்வொரு ஆட்டமும் துளி தாமதமாகும். அது வாரம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேரும். ஒரே காலையில் ஐந்து நிமிடம் காணாமல் போனால், யாரோ ஊசலைப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்றுதான் பொருள்.

பதினொரு வருடமாக அதற்குச் சாவி கொடுத்து நேரம் திருத்தி வைப்பவன் நான். சாவி என் பையில் இருக்கிறது. ஆனால் ஊசலின் கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு இல்லை. கடிகாரமோ கடைசி பெஞ்சுக்குப் பின்னால், கைக்கு எட்டும் உயரத்தில். மேடையிலிருந்து அதைப் பார்த்துத்தான் போதகர் பன்னிரண்டுக்கு ஆராதனையை முடிப்பார்.

போதகர் சொல்லிவிட்டார். "புத்தாண்டு அன்னைக்கும் தப்பா காட்டினா பேட்டரி கடிகாரம் மாட்டிடலாங்க. உங்களுக்கும் வேலை மிச்சம்."

வேலை மிச்சமாம்! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் சந்தேகம் மச்சான் மேல். வாசலில் நின்று ஆட்களை உட்காரவைப்பவன் அவன். "உங்க கிழவர் இன்னும் மூச்சு விடறாரா?" என்று கடிகாரத்தைக் காட்டிக் கேட்பான். போன ஞாயிறு கண்ணாடிக் கதவின் பிடியில் சாக்பீஸ் தூளைத் தடவி வைத்தேன். ஆராதனை முடிந்ததும் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"என்ன மச்சான், திடீர்னு பாசம்?"

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியின் முந்தானையில் ஒட்டியிருந்த வெள்ளையை, பவுடர் என்று நினைத்து நானே தட்டிவிட்டேன்.

புத்தாண்டுக் காலை. "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் போதகர். அப்போதுதான் உறைத்தது: சபையில் யாரும் எதையும் பார்க்காத நேரம் இது ஒன்றுதான். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கண்ணைத் திறந்து திரும்பினேன்.

கடிகாரத்தின் ஊசலை ஒற்றை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தபடி நின்றவள் என் மனைவி.

பூனைபோல் நடந்து பக்கத்தில் போனேன். "நீயா?"

"மெதுவா! ஜெபம் நடக்குது."

"எதுக்குடி இந்த வேலை?"

அவள் கண்ணாலேயே முன் பெஞ்சிலிருந்த தையற்காரம்மாவைக் காட்டினாள். "அவங்களுக்குப் பேச்சு திக்கும், பேச நேரம் பிடிக்கும். சாட்சி சொல்ல அவங்க முறை வர்றதுக்குள்ள பன்னெண்டு ஆயிடுது. நாலு வாரமா எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றாங்க. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஊசியில அவங்களே நூல் கோத்தாங்களாம். அதுக்கு நன்றி சொல்லணுமாம்."

"நீ பிடிச்சு வைக்கிற அஞ்சு நிமிஷத்தையும் போதகர் பிரசங்கத்துலயே தின்னுடறாரே!"

"அதாங்க எனக்கும் விளங்கல."

எனக்கு விளங்கியது. ஜெபம், பிரசங்கம், சாட்சி, பன்னிரண்டுக்கு முடிவு என்பது வரிசை. எவ்வளவு நேரம் கூட்டினாலும் நடுவில் இருப்பது வீங்கும். கடைசியில் இருப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு முழு வருடத்தைத் தந்தவருக்கு நாங்கள் மிச்சத்தைத்தான் நீட்டிக்கொண்டிருந்தோம்.

ஆமென் சொன்னதும் அவள் ஊசலை விட்டாள். நான் நேராக முன்னால் போய்ப் போதகரின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என் பிரசங்கம்?" என்றார்.

"மிச்சமிருக்கிற நேரத்துலங்க."

அவர் ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டு, தையற்காரம்மாவைக் கைகாட்டி அழைத்தார். அந்த அம்மாள் ஆறு நிமிடம் பேசினார். யாரும் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சபையில் முதலில் சாட்சி, பிறகு பிரசங்கம். பழைய கடிகாரம் அதே இடத்தில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமையும் சரியான நேரம் காட்டுகிறது.