சேலைக்குப் பொருந்திய வயலின்

வயலின் வாங்கப் புறப்பட்ட சரோஜாதேவி, கைப்பைக்குள் மறக்காமல் ஒரு சட்டைத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் மகள் கட்டப்போகும் மாம்பழ நிறப் பட்டுச் சேலைக்குச் சட்டை தைத்ததில் மிஞ்சிய துண்டு அது. வளையலையும் நூலையுமே நிறம் பார்த்து வாங்குகிறவள், வயலினை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவாளா?

கணவர் இரகுநாதன் மகளின் பழைய வயலினைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். மாவட்டச் செயலகத்தில் பிரதம லிகிதர். அங்கே பத்து எழுத்தர்களை விரட்டுகிறவர், பதுளைப் பசாரில் மனைவிக்கு இரண்டடி பின்னால்தான் நடப்பார்.

"வாங்கம்மா, வாங்க சேர்!" என்றார் கடைக்கார மர்ஸூக். சுவர் நிறைய வயலின்கள் தொங்கின. "எல்லாம் ஒரிஜினல் இத்தாலி. உள்ளுக்கு எட்டிப் பாருங்க, பேர் ஒட்டி ஈக்கி."

உண்மைதான். எல்லா வயலினுக்குள்ளும் ஒரே இத்தாலியரின் பெயர் ஒட்டியிருந்தது. போன மாதம் சீன எழுத்துப் பெட்டியில் வந்திறங்கியவையும் அந்த ஒரே மனிதரின் கைவேலைதான்.

மர்ஸூக் ஒன்றை எடுத்து, தன்னிடமிருந்த வில்லால் ஒரு இழுப்பு இழுத்தார். கடை முழுவதும் நாதம் நிறைந்தது.

"சத்தம் கிடக்கட்டும்" என்று கையைக் காட்டி நிறுத்தினாள் சரோஜாதேவி. "நிறத்தைக் காட்டுங்கோ."

சட்டைத் துண்டு ஒவ்வொரு வயலின் மேலும் ஏறி இறங்கியது. கடைசியில் கண்ணாடிபோல மினுங்கிய ஒன்று சேலையோடு ஒத்துப்போனது. அதற்கு மர்ஸூக் தன் கையிலிருந்த வில்லையே கொடுக்கப் பார்த்தார்.

"இதிலை வெள்ளையாத் தூள் பிடிச்சிருக்கு. ஆரோ பாவிச்சது. புதுசாத் தாங்கோ."

"அம்மா, அந்தத் தூள் இருந்தாத்தான்..."

"நான் என்ன நேற்றுப் பிறந்த பிள்ளையே? தூசு பிடிச்சதை என்ரை தலையிலை கட்டப் பாக்கிறியளோ?"

அதற்கு மேல் வாதாடுகிற பழக்கம் மர்ஸூக்கிற்கு இல்லை. வாதாடாததால்தான் அவர் கடை ஓடுகிறது. உறை பிரிக்காத புது வில்லைப் பெட்டியில் வைத்தார். துணியில் சுற்றிய தேன் நிறக் கட்டி ஒன்றையும் உள்ளே போட்டார். அது என்னவென்று சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. பழைய வயலின் மாற்றுக்குக் கடையிலேயே தங்கிவிட்டது.

இவ்வளவு பாடும் ஒரு நிபந்தனைக்காகத்தான். மகள் நிசாந்தினி யாழ்ப்பாணத்தில் இசை படித்துவிட்டு, வெலிமடைப் பள்ளிக்கூடமொன்றில் சங்கீத ஆசிரியையாக இருந்தாள். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவாள். போர் நின்று சமாதானம் வந்து பாதை திறந்ததும் கனடா மாப்பிள்ளைமார் தீவு முழுவதும் பெண் தேடி இறங்கியிருந்தார்கள். அப்படி ஒரு சம்பந்தம் பேசி வந்தபோது நிசாந்தினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அது சங்கீதம் தெரிஞ்ச வீடா இருக்கவேணும். என்னை வாசிக்க விடவேணும்." அவளோடு படித்த லதுஷாவும் கனடாவுக்குத்தான் கல்யாணம் முடித்துப் போனாள். அவளுடைய வீணை இப்போது வீட்டு நிலவறையில் ஈரத் துவாய் காயப்போட உதவுகிறது.

"எங்கடை சங்கீதக் குடும்பம்" என்று மாப்பிள்ளையின் தாய் திலகவதி தொலைபேசியில் சத்தியம் பண்ணியிருந்தாள்.

சனிக்கிழமை மாலை நிசாந்தினி பஸ்ஸில் வந்திறங்கினாள். அந்த வாரம் மழைக்குப் பயந்து வயலினை வீட்டிலேயே விட்டுப் போனது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களே அம்மா? எங்கை புதுசு? ஒருக்கா வாசிச்சாவது பாக்கிறன்."

"தொடாதை! சாமிக்கு முன்னாலை வைச்சிருக்கு. நாளைக்கு அவையளுக்கு முன்னாலைதான் முதன்முதல் எடுக்கவேணும். முகூர்த்தம் பாத்திருக்கு."

ஞாயிறு காலை, நிசாந்தினி குளிக்கப் போன நேரத்தில் சரோஜாதேவி வயலினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பெட்டிக்குள் கிடந்த தேன் நிறக் கட்டியை எடுத்துப் பார்த்து நெகிழ்ந்துபோனாள்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கடைக்காரருக்கு என்ன மரியாதை! நாங்கள் பூசை செய்வமெண்டு தெரிஞ்சு சாம்பிராணியும் வைச்சு விட்டிருக்கிறார்."

கட்டியை உரலில் இடித்துத் தணலில் முழுவதையும் கொட்டினாள். ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெரியாயி இருமிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னாங்கம்மா சாம்பிராணி இது? லாந்தர் கவுந்த மாதிரி கருப்பு பொகையா வருது!"

"இது இத்தாலிச் சாம்பிராணி. உங்கடை லயத்து வீடுகளிலை கிடைக்குமே?"

"நல்லவேள கெடைக்கலங்க" என்று பெரியாயி ஜன்னலைத் திறந்தாள்.

எரிந்துபோனது ரொசின். வில்லில் கட்டியிருக்கும் குதிரை மயிரில் அதைத் தேய்த்தால்தான் வில் நரம்பைப் பிடிக்கும். தேய்க்காத புது வில் ஊமை வில். மகள் வாசிக்கத் தொடங்கினால் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு நாடகம் பார்க்கிற தாய்க்கு இது எங்கே தெரியப்போகிறது?

மாலை, திலகவதியும் மகன் ஆரூரனும் வந்தார்கள். ஆரூரன் வீடியோ கமெராவைக் கண்ணிலிருந்து இறக்கவேயில்லை. வடை, தேநீர், இரகுநாதனின் வேட்டி நுனி எல்லாம் கனடாவுக்காகப் பதிவாயின.

நிசாந்தினி பாயில் உட்கார்ந்து, நரம்புகளை விரலால் சுண்டிச் சுருதி சேர்த்தாள்.

"அட, வீணையும் வாசிப்பீரோ!" என்று வியந்தாள் திலகவதி.

நிசாந்தினி பெட்டிக்குள் தேடினாள். ரொசின் இல்லை. எழுந்து திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற தாயிடம் போனாள்.

"ரொசின் எங்கை அம்மா? தேன் நிறத்திலை ஒரு கட்டி."

"சாம்பிராணியோ? காலமை போட்டாச்சு."

"அது இல்லாட்டில் சத்தம் வராது!"

சரோஜாதேவியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஒரே ஒரு கணந்தான். "மானத்தை வாங்காதை. போய் இரு. வாறதை வாசி."

எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் நிசாந்தினி திரும்பினாள். ஆனால் அவள் உட்கார்ந்து வில்லைக் கையில் எடுத்ததுமே திலகவதி கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டாள். வில் இன்னும் நரம்பைத் தொடவேயில்லை.

நிசாந்தினி வில்லை வைத்து இழுத்தாள். பாயில் பூனை நடந்தால் இதைவிடச் சத்தம் கேட்கும். நிறுத்தாமல் ஒரு முழுக் கீர்த்தனையை அப்படியே வாசித்தாள். திலகவதியின் தலை ஆடியது. இரகுநாதன் சுற்றும் முற்றும் பார்த்து, எல்லோரும் ரசிக்கிறார்கள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு தானும் ஆட்டினார்.

"ஆகா! எவ்வளவு அடக்கமான வாசிப்பு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் திலகவதி. "இந்தக் காலத்துப் பிள்ளையள் கிறீச் கிறீச்செண்டு காதைக் கிழிக்குதுகள்."

"விலை கூடின சாமான் அப்பிடித்தான் அம்மா" என்றான் ஆரூரன். "எங்கடை காரும் ஸ்டார்ட் பண்ணினது தெரியாது."

"இத்தாலி" என்றார் இரகுநாதன் பெருமையாக.

ஆரூரன் பதிவைப் போட்டுக் காட்டினான். எல்லோரும் சின்னத் திரையைச் சுற்றித் தலைகளைக் குவித்தார்கள். திலகவதியின் தாளம் கேட்டது. வளையல் கேட்டது. யாரோ வடை மெல்வது கேட்டது. வெளியே காகம் கத்தியதும் துல்லியமாகக் கேட்டது. வயலின் மட்டும் கேட்கவில்லை.

"மைக் பழுதாப் போச்சு போலை" என்று ஆரூரன் கமெராவைத் தட்டினான்.

"கமெராவிலை பிழையில்லை" என்றாள் நிசாந்தினி. "வில்லுக்குப் பூசுற மருந்து இல்லை. நான் வாசிச்சதிலை ஒரு சத்தமும் வரேல்லை."

காகம் இன்னொரு முறை கத்தியது. திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு தட்டு விழுந்தது.

திலகவதி மூச்சை இழுத்து, பெருந்தன்மையாகச் சிரித்தாள். "அதுக்கென்ன பிள்ளை? கனடாவுக்கு வந்து நீர் வாசிக்கவோ போறீர்? வேலைக்குப் போய் வந்து சமைக்கவே நேரம் காணாது. எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. அது போதும்."

நிசாந்தினி வில்லைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"எனக்குப் போதாது மாமி. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

அவர்கள் குடிக்காமலே போனார்கள்.

மறுநாள் பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு நிசாந்தினி கடைக்குப் போனாள். கூடவே, கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்குவதற்காக சரோஜாதேவியும் போனாள். பழைய வயலின் சுவரில் நடுநாயகமாகத் தொங்கியது. இரண்டொரு நாளுக்குள் அதன் வயிற்றுக்குள்ளும் இத்தாலியப் பெயர் ஒட்டியாகிவிட்டது.

"இத்தாலிக்குப் போய்த் திரும்பி வந்திட்டுதோ?" என்று கேட்டாள் நிசாந்தினி.

மர்ஸூக் தலையைச் சொறிந்தார். "பேர் இல்லாட்டி ஒத்தரும் திரும்பிப் பாக்கிறல்ல தங்கச்சி."

"சாம்பிராணியை ஏன் வைச்சனீங்கள்?" என்று பாய்ந்தாள் சரோஜாதேவி.

"சாம்பிராணியா? நான் எங்கம்மா வச்ச?"

புதுசைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வதாக முடிந்தது. நிசாந்தினி வில்லில் ரொசினைத் தேய்த்து, ஸ்டூலில் உட்கார்ந்து, நேற்று வாசித்த அதே கீர்த்தனையை வாசித்தாள். மர்ஸூக் தொலைபேசி அடித்துவிடாமல் ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார். தெருவில் போனவர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

முடிந்ததும் சரோஜாதேவி மகளின் காதருகே குனிந்தாள்.

"நல்ல காலம் நேற்று ரொசின் இல்லாமல் போனது. இவ்வளவு சத்தம் போட்டிருந்தால் அவையள் பாதியிலேயே எழும்பிப் போயிருப்பினம்."